ரெயில்வே ஜெயிப்பது ஆட்டத்தாலா, ஆள் சேர்ப்பாலா?

தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்து புதுடெல்லி நிலையத்தில் இறங்கி, பகார்கஞ்ச் பக்கமாக வெளியே வந்தால், நடந்து போகும் தூரத்தில் ஒரு மைதானம் இருக்கிறது. கர்னைல் சிங் ஸ்டேடியம் என்று பெயர். ரெயில்வே வாரியத் தலைவராக இருந்த ஒரு என்ஜினீயரின் பெயர் அது. மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அவசரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

ரெயில்வே விளையாட்டுத் துறையின் சொந்த மைதானம் அதுதான். கிரிக்கெட்டில் ரெயில்வே அணி ரஞ்சிக் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது. ஆனால் ரெயில்வேயின் உண்மையான ராஜ்யம் ஆண்கள் கிரிக்கெட்டில் இல்லை. பெண்கள் விளையாட்டில்தான் இருக்கிறது. அதிலும் கூடைப்பந்தில், தேசிய சாம்பியன் பட்டம் என்றாலே ரெயில்வே பெண்கள் அணி என்று ஆகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேறு யாராவது ஜெயித்தால்தான் அது செய்தி!

இந்த வெற்றி உண்மையில் சம்பாதித்த வெற்றியா? அல்லது நாட்டிலுள்ள நல்ல ஆட்டக்காரிகளையெல்லாம் வேலை கொடுத்து வளைத்துப் போட்டதால் வந்த வெற்றியா?

டெல்லித் தமிழர்கள் கூடும் இடங்களில் இந்த வழக்கு எப்போதாவது எழும். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பேர். ஒருவர் ரெயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஊரில் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து ஆடியவர்.

"அண்ணே, உங்க ரெயில்வே ஜெயிச்சதுக்கு நீங்க சந்தோஷப்படலாம். ஆனா இது என்ன போட்டி? எங்க ஊர்ல வளர்ந்த பொண்ணு, எங்க கேரளாக்கார பொண்ணு, பிலாய் பொண்ணு, எல்லாரையும் ஒரே அணியில சேர்த்துக்கிட்டா யார்தான் ஜெயிக்க முடியாது?"

"சேர்த்துக்கிட்டதா தம்பி? வேலை குடுத்தாங்க. நீ குடுத்தியா?"

பேச்சு அதோடு நிற்காது. பஸ் வரும் வரை ஓடும்.

சென்னையில் 131

இளையவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் 71-வது தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. பெண்கள் இறுதி ஆட்டத்தில் ரெயில்வேயும் தெலங்கானாவும் மோதின. முடிவு: ரெயில்வே 131, தெலங்கானா 82. வித்தியாசம் 49 புள்ளிகள். லீக் சுற்றில் சின்ன மாநிலத்தோடு ஆடிய ஆட்டமல்ல இது. நாட்டின் முதல் இரண்டு அணிகள் மோதிய இறுதி ஆட்டம்!

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் குஜராத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அதில் 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள், ராணுவத்தின் சர்வீசஸ் அணி ஆகியவை கலந்துகொண்டன. ரெயில்வேக்கு அங்கே தனி அணி கிடையாது. பெண்கள் கூடைப்பந்தில் தங்கம் வென்றது யார் தெரியுமா? தெலங்கானா! தமிழ்நாட்டை வென்று தங்கம் வாங்கியது.

ரெயில்வே இருந்த களத்தில் 49 புள்ளிகளில் தோற்ற மாநிலம், ரெயில்வே இல்லாத களத்தில் நாட்டின் முதல் அணி. ரெயில்வேக்கும் மாநிலங்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அணி உருவாகும் விதம்

ரெயில்வேயில் விளையாட்டுக்கென்று ஓர் அமைப்பு 1928-லேயே தொடங்கப்பட்டது. இன்று அது ரெயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் ரெயில்வே வாரியத்தின் கீழ் இயங்குகிறது. ஆண்டுதோறும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். விளம்பரம் போட்டு, மைதானத்தில் ஆட வைத்துப் பார்த்து எடுப்பது ஒரு வழி. ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து எடுப்பது இன்னொரு வழி. தேறியவருக்குக் கிளார்க், டிக்கெட் பரிசோதகர் போன்ற வேலை கிடைக்கும். சாதனைக்கு ஏற்றபடி சம்பள நிலை. போட்டிகளுக்கும் பயிற்சி முகாமுக்கும் போக விசேஷ விடுப்பு.

தெற்கு ரெயில்வே, மேற்கு ரெயில்வே, கிழக்கு ரெயில்வே என்று ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் அணி. மண்டலங்கள் முதலில் தங்களுக்குள் மோதிக்கொள்கின்றன. அங்கே தேறியவர்களை வைத்துத்தான் 'இந்தியன் ரெயில்வே' என்ற ஒரே அணி தேசியப் போட்டிக்குப் போகிறது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் இருக்கும் பெண்களிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்குகிறது. ரெயில்வேயோ கன்னியாகுமரி முதல் ஜம்மு வரை ஏற்கெனவே பொறுக்கியவர்களிலிருந்து மறுபடி பொறுக்குகிறது. அரிசியைச் சலித்து, சலித்ததை இன்னொரு முறை சலிப்பது போல.

இதில் இழப்பது யார்? தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பிறந்து வளர்ந்த அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. ஆனால் அவர் வேலை பார்த்தது தெற்கு ரெயில்வேயில். எந்த இடத்தில் சம்பளமோ அந்த இடத்துக்குத்தானே ஆட்டம்? தேசியப் போட்டியில் தமிழ்நாடும் ரெயில்வேயும் மோதினால், சென்னைப் பெண் போடும் கூடை சென்னைக்கு எதிரான கணக்கில்தான் ஏறும்.

கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் கதையும் இதேதான். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர். ஆறடி இரண்டங்குல உயரம். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. 2014-ல் அர்ஜுனா விருது. அவரும் சென்னையில், தெற்கு ரெயில்வேயில்தான் இருந்தார். வளர்த்தது கேரளம், ஆடியது ரெயில்வேக்கு.

பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் விடியற்காலையில் மைதானத்தைப் பெருக்கி, தன் கைக்காசில் பந்து வாங்கி, பெற்றோரிடம் கெஞ்சிப் பெண்ணை ஆட அழைத்து வருகிறார். விளையாட்டு விடுதி சோறு போடுகிறது. மாநிலச் சங்கம் ஜூனியர் போட்டிகளுக்கு ரெயிலில் அழைத்துப் போகிறது. பழம் பழுக்கும் நேரத்தில் பறிப்பது ரெயில்வே. இதுதான் மாநிலங்களின் குறை.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

கூடைப்பந்து பிறந்த அமெரிக்காவிலும் இதே வழக்கு உண்டு. அங்கே ஆட்டக்காரர்களுக்குக் கோடிகளில் சம்பளம் என்பதால் வழக்கும் பெரிது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பட்டம் வென்றது. அதன் தூணாக நின்ற பில் ரசல், 13 ஆண்டு ஆட்டத்தில் 11 பட்டங்கள் பார்த்தவர்.

அண்மைக் காலத்தில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஸ்டீபன் கரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் ஆகிய மூவரையும் கல்லூரியிலிருந்து தாங்களே எடுத்து வளர்த்து, 2015-ல் பட்டம் வென்றார்கள். அடுத்த ஆண்டு 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று சாதனை படைத்தார்கள். ஆனால் இறுதிச் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தும் கிளீவ்லாந்திடம் பட்டத்தைப் பறிகொடுத்தார்கள். அதுவரை அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. 2016 ஜூலையில், தாங்கள் தோற்கடித்த ஓக்லஹோமா அணியிலிருந்தே கெவின் டூரன்டைச் சேர்த்துக்கொண்டார்கள். 2017, 2018 இரண்டிலும் பட்டம். ரசிகர்கள் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'இது வாங்கிய பட்டம்' என்றார்கள். டூரன்ட் போன பிறகு 2022-ல் மறுபடி வென்றபோதுதான் அந்த வாய்கள் கொஞ்சம் அடங்கின.

ஆனாலும் அமெரிக்கர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து புது ஆட்களை எடுக்கும்போது கடைசி இடங்களில் முடித்த அணிகளுக்கே முதல் வாய்ப்பு கிடைக்கும்படி விதி வைத்திருக்கிறார்கள். மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவனுக்கும் வடை கிடைக்க ஏற்பாடு. நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வேலை எங்கே இருக்கிறதோ, ஆட்டக்காரி அங்கே போகிறாள்.

வேலை என்றால் என்ன?

இந்த இடத்தில்தான் வழக்கு மறுபக்கம் திரும்புகிறது. கெவின் டூரன்டுக்கு முன்னால் பல அணிகள் பணப்பெட்டியோடு நின்றன. அவர் தேர்ந்தெடுத்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்?

அரசு வேலை என்றால் என்ன என்று டெல்லித் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரு நியமன உத்தரவை நம்பி, பாஷை தெரியாத ஊருக்கு, ஸ்வெட்டர் கூட இல்லாமல் டிசம்பர் குளிரில் வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! மாதம் முதல் தேதி வரும் சம்பளம் தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், அப்பாவின் வைத்தியம் என்று எத்தனை முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறது! கூடைப்பந்து ஆடும் பெண்ணின் வீட்டிலும் அதே முடிச்சுகள்தான். கல்லூரி முடிந்ததும் 'பந்து விளையாடியது போதும், மாப்பிள்ளை பார்க்கிறோம்' என்று சொல்லும் வீடு, ரெயில்வே உத்தரவு வந்ததும் பேச்சை மாற்றுகிறது. இருபத்தொன்றில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் முப்பதைத் தாண்டியும் நடக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடுவது என்பது வயிற்றுக்கவலை உள்ளவரால் முடிகிற காரியமா?

ஆக, ரெயில்வே பழத்தை மட்டும் பறிக்கவில்லை. மரம் பட்டுப்போகாமல் தண்ணீரும் ஊற்றுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மண்டலத்துக்கு மண்டலம் மோதி, இருக்கும் பன்னிரண்டு இடங்களுக்கு அத்தனை பேர் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஏமாற்றி இடம் பிடிக்க முடியாது. வேலை கிடைத்துவிட்டது என்று உடம்பு போட்டுவிட்டால் அடுத்த முகாமில் பெயர் இருக்காது. தேசியப் போட்டியில் 131 புள்ளிகள் எடுக்கும் அணி, அதைவிடக் கடுமையான போட்டியை வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

ஆண்கள் பிரிவில் ஏன் இல்லை?

ரெயில்வே ஆண்களுக்கும் வேலை கொடுக்கிறது. அதே ஒதுக்கீடு, அதே மண்டலங்கள், அதே முகாம்கள். அப்படியானால் ஆண்கள் பட்டமும் வருஷா வருஷம் ரெயில்வேக்கே போக வேண்டும் அல்லவா? போவதில்லை. 2022-ல் சென்னையில் ரெயில்வே பெண்கள் 131 அடித்த அதே போட்டியில், ஆண்கள் இறுதி ஆட்டம் தமிழ்நாட்டுக்கும் பஞ்சாபுக்கும் நடந்தது. தமிழ்நாடு வென்றது.

காரணம் வெளிப்படை. கூடைப்பந்து ஆடும் ஆணுக்கு வேலை கொடுக்கப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ராணுவம் எடுக்கிறது. பஞ்சாப் போலீஸ் எடுக்கிறது. எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் எடுத்தது. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் அணி நாடு முழுதும் பெயர் பெற்றது. வங்கியில் வேலை பார்க்கும் பையன் தமிழ்நாட்டுக்கே ஆடலாம். ஆகவே நல்ல ஆட்டக்காரர்கள் பல அணிகளில் பரவிக் கிடக்கிறார்கள். பட்டமும் கை மாறுகிறது.

பெண்களுக்கு அத்தனை வாசல்கள் இல்லை. பெரும்பாலும் ஒரே வாசல்தான். எல்லோரும் அந்த ஒரு வாசலில் நுழைந்தால் உள்ளே கூட்டம் சேரத்தானே செய்யும்?

இன்னொரு வாசல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கேரள மாநில மின்சார வாரியம் கூடைப்பந்துப் பெண்களுக்கு வேலை கொடுத்து அணி அமைத்தது. மின்வாரிய ஊழியரானால் மாநிலத்துக்கே ஆடலாம். பி.எஸ். ஜீனா போன்றவர்கள் ரெயில்வேக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்கள். விளைவு? 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த 68-வது தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் ரெயில்வேயைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார்கள்! யாராலும் அசைக்க முடியாது என்று சொல்லப்பட்ட அணியை ஒரு மின்சார வாரியத்தின் சம்பளப் பட்டியல் அசைத்துவிட்டது.

டெல்லியிலேயே ஓர் உதாரணம் உண்டு. நமக்கெல்லாம் டெலிபோன் கனெக்ஷன் கொடுத்த எம்.டி.என்.எல். நிறுவனம் ஒரு காலத்தில் கூடைப்பந்துப் பெண்களுக்கு வேலை கொடுத்தது. வாரணாசியிலிருந்து வந்த சகோதரிகள் திவ்யா சிங், பிரசாந்தி சிங் ஆகியோர் அந்த வேலையில் இருந்துகொண்டு டெல்லி மாநிலத்துக்கு ஆடினார்கள். இருவரும் இந்திய அணியிலும் ஆடினார்கள். பிரசாந்திக்கு 2017-ல் அர்ஜுனா, 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தன. அந்த நாட்களில் டெல்லி பெண்கள் அணி என்றால் எதிரணிக்கு ஒரு பயம் இருந்தது. பிறகு செல்போன் வந்தது, எம்.டி.என்.எல். நொடித்தது. 2020 ஜனவரியில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஆட்களைக் குறைக்கும் நிறுவனம் கூடைப்பந்துக்கு எங்கே ஆள் எடுக்கும்?

கிரிக்கெட்டிலும் கிட்டத்தட்ட இதே சித்திரம்தான். பெண்கள் தேசிய ஒருநாள் போட்டி 2006-07-ல் இன்றைய வடிவில் தொடங்கியதிலிருந்து 2023-24 வரை ரெயில்வே 15 முறை பட்டம் வென்றது. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மிதாலி ராஜ் ஆடியதும் ரெயில்வேக்குத்தான். இடையில் 2011-12-ல் ஒரு முறை டெல்லி வென்றது. 2018-19-ல் வங்காளம் வென்றது. பிறகு பெண்கள் கிரிக்கெட்டில் பணம் புகுந்தது. 2023-ல் பெண்கள் பிரிமியர் லீக் தொடங்கியது. ரெயில்வே வேலை இல்லாமலும் ஆடிப் பிழைக்கலாம் என்ற நிலை மெல்ல வருகிறது. 2024-25-ல் பட்டம் மத்தியப் பிரதேசத்துக்குப் போனது. கூடைப்பந்தில் அப்படிப் பணம் இன்னும் வரவில்லை.

யாருக்குச் சேர வேண்டிய பெருமை?

ரெயில்வே பெண்கள் பெற்ற பதக்கங்களில் களங்கம் இல்லை. கூடையில் விழுந்த ஒவ்வொரு பந்தையும் அவர்கள்தான் போட்டார்கள். வேலை வாங்கியதும் குற்றமல்ல. ஆனால் அந்தப் பட்டத்தை 'நாட்டிலேயே சிறந்த விளையாட்டு நிர்வாகம்' என்பதற்கு அத்தாட்சியாக ரெயில்வே காட்டினால், அதைப் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரே நின்ற அணிகள் ரெயில்வே எடுத்தது போக மிஞ்சியவர்களை வைத்து ஆடியவை. மீதிப் பாதியை வளர்த்த பள்ளிக்கூடத்துக்கும், விடுதிக்கும், பந்து வாங்கிக் கொடுத்த ஆசிரியருக்கும் எழுதி வைக்க வேண்டும். ஆள் எடுக்கும்போது அந்தப் பள்ளிக்கு, அந்தக் கிளப்புக்கு ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் வந்தால் கூட நல்லதுதான். கால்பந்தில் உலகம் முழுவதும் வளர்த்த கிளப்புக்குப் பங்கு கொடுக்கிறார்கள்.

ரெயில்வே ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அது தலைவலிக்குத் தலையை வெட்டும் யோசனை. நிறுத்தினால் போட்டி சமமாகிவிடும், உண்மை. ஆனால் ஆடுவதற்குப் பெண்கள் இருக்க மாட்டார்கள்.

மலை மந்திர் வாசலில் பஸ் இன்னும் வரவில்லை. இளையவர் விடுவதாக இல்லை.

"எல்லாம் சரி அண்ணே. இருந்தாலும் ஒரே அணி ஜெயிச்சுக்கிட்டே இருந்தா பார்க்கிறவனுக்கு என்ன ருசி?"

பெரியவர் பிரசாதப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தார்.

"உங்க ஆபீஸ்ல கிரிக்கெட் டீம் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"ஆம்பளைங்க வாலிபால்?"

"அதுவும் இருக்கு. ரெண்டு பேரை ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுத்திருக்காங்க."

"கூடைப்பந்து ஆடற பொம்பளைப் பிள்ளை எத்தனை பேர்?"

இளையவர் யோசித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.